‘அந்தக் கட்-ஓஃபைக் கழட்டி விடுங்க தம்பி’

மட்டக்களப்புச் செங்கலடியில் பற்றரி, சோலர் வேலை செய்கிற எங்கள் கடைக்கு வருகிற முறைப்பாடுகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, “புதுப் பற்றரி, வருசம் திரும்பல்ல, செத்துப் போச்சு.” மற்றது, “நடுச்சாமத்தில லைற் தானா நிக்குது, அந்தக் கட்-ஓஃபைக் கழட்டி விடுங்க தம்பி.” இரண்டாவதைக் கேட்டு வந்தவரே கொஞ்ச மாதம் கழித்து முதலாவதையும் சொல்லிக்கொண்டு வருவார். கட்-ஓஃப் என்பது, பற்றரி வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் லைற், றேடியோ போன்ற லோடுகளைத் தானாக நிறுத்துகிற சர்க்கியூட்.

பாவித்துத் தேய்வது வேறு, அடிவரை வடிந்து சாவது வேறு. 12 வோல்ட் ஈய-அசிட் பற்றரிக்குள் 6 அறைகள். நிறைந்த பற்றரி, சார்ஜரும் லோடும் இல்லாமல் சில மணித்தியாலம் சும்மா கிடந்த பிறகு 12.6, 12.7 காட்டும். 12.1, 12.2 என்றால் பாதி. 11.8க்கு வந்துவிட்டால் உள்ளே அநேகமாக ஒன்றுமில்லை. “மீற்றரில 11 இருக்கே, இன்னும் எவ்வளவு கிடக்கு” என்பார்கள். கிடப்பது ஒன்றுமில்லை. பற்றரியின் சீவியம் முழுக்க அந்த ஒரு வோல்ட் இடைவெளிக்குள்தான்.

வடியும்போது தட்டுகளில் ஈய சல்பேற்று படிவது இயல்பு. உடனே சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரைந்துவிடும். வெறுமையாகவே போட்டு வைத்தால்தான் பளிங்காகி இறுகுகிறது. அதற்குப் பிறகு சார்ஜர் பூட்டினால் வோல்ட் சடாரென்று ஏறும், பச்சை லைற்றும் எரியும். ஒரு பல்பைப் பூட்டிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். மூடி திறக்கிற வகை என்றால் ரோச் அடித்துக் குனிந்து பார்க்கலாம்: தட்டுகளின் மேல் விளிம்பில் சாம்பல் பூத்த வெள்ளை. அசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீற்றரில் 1.26 அளவில் நிற்க வேண்டிய மிதவை கீழே அமிழ்ந்து கிடக்கும். இன்னொரு கூத்தும் உண்டு. முதலில் காலியாகிற அறையை மற்ற ஐந்தும் சேர்ந்து பிளஸ், மைனஸ் மாறும்படி எதிர்ப்பக்கமாக ஓட்டிவிடும். அந்த ஒரு அறையோடு முழுப் பற்றரியும் போச்சு.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்களே, அப்போது கார், வான் பற்றரிகளைக் கழற்றி இன்வேட்டரில் பூட்டியவர்கள் நிறையப் பேர். வாகனப் பற்றரியின் தட்டுகள் மெல்லியவை. ஸ்டார்ட் பண்ண ஒரு தரம் பலமாகக் கரண்ட் கொடுத்துவிட்டு மறுபடி நிரம்பி இருப்பதற்குச் செய்தவை. அதை இரவு முழுக்க வடித்து, கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்துக்குள் அரைகுறையாக ஏற்றி, மறுபடி வடித்தால் என்ன மிஞ்சும்? “இன்வேட்டரிலதான் கட்-ஓஃப் இருக்கே” என்பார்கள். இருக்கிறது, ஆனால் பலவற்றில் அது 10.5 வோல்ட். பெரிய லோடு இழுக்கும்போது வோல்ட் தற்காலிகமாகத் தாழும், அந்த நிலைமைக்கு 10.5 பொருந்தும். வைஃபை ரவுட்டரையும் ஒரு சின்ன பல்பையும் மட்டும் விடிய விடிய ஓடவிட்டால் 10.5 வருவதற்கு வெகு முன்னமே பற்றரி காலி. சின்ன லோடுதானே என்று நம்பியவர்களின் பற்றரிதான் கூடுதலாகக் கெட்டது.

கட்-ஓஃபைக் கழட்டச் சொல்பவர்கள் எல்லோரும் விளங்காமல் கேட்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். படுவான்கரையில் வயல் செய்கிற ஒரு ஐயா யானை வேலிக்காகச் சோலர் போட்டிருந்தார். வேலி மெசின் ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு தடவை சில ஆயிரம் வோல்ட்டில் அடித்தாலும், பற்றரியிலிருந்து எடுப்பது கொஞ்சம்தான். (மின்கம்பத்திலிருந்து நேரே வேலிக்குக் கரண்ட் இழுப்பது வேறு கதை. அது ஆளையும் கொல்லும், யானையையும் கொல்லும்.) அதே பற்றரியில் காவல் குடிலின் லைற், றேடியோ, போன் சார்ஜர் எல்லாம். விடியப்புறம் கட்-ஓஃப் விழுந்தால் வேலியும் சேர்ந்து நிற்கும். அவர் ஒரு துண்டு வயரால் கட்-ஓஃபைச் சுற்றி நேரே இணைத்துவிட்டார். “பற்றரி போனா வாங்கலாம் தம்பி. கதிர் போனா மறுகா என்ன செய்யிற?” என்றார். நியாயம்தானே.

அவருக்குச் செய்து கொடுத்தது இரண்டு கட்-ஓஃப். லைற், றேடியோ, போன் எல்லாம் 12.0 வோல்ட்டில் நிற்கும். வேலி மட்டும் 11.5 வரை ஓடும். நின்ற லோடு திரும்பப் பூட்டுவது 12.8க்கு மேல்தான், அதாவது வெயில் ஏறி பனல் சார்ஜ் கொடுக்கத் தொடங்கிய பிறகு. இந்த இடைவெளி முக்கியம். லோடைக் கழற்றியதும் பற்றரி வோல்ட் தானாகக் கொஞ்சம் எழும்பும். கம்பஸில் படிக்கிற ஒரு பொடியன் தானே செய்து கொண்டுவந்த சர்க்கியூட்டில் நிற்பதும் பூட்டுவதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. லோடைப் பூட்டிக் கழற்றுகிற சுவிட்சான ரிலே ‘டிக் டிக்’ என்று ஓயாமல் அடித்து, தொடுமுனை கருகியிருந்தது. மற்றபடி கெட்டிக்காரத்தனமான வேலை.

மருந்தடிக்கிற பற்றரி மெசின்களின் கதை தனி. பெரும்போக வேலை முடிந்ததும், தண்ணி ஊற்றிக் கழுவி மூலையில் வைப்பார்கள், பற்றரி வெறுமையாக. நம் ஊர்ச் சூட்டில் சும்மா கிடந்தாலும் அது மேலும் வடியும். அடுத்த போகத்துக்கு எடுத்தால் சார்ஜ் பிடிக்காது. நிரப்பி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருக்கா சார்ஜில் போட்டால் போதும். சொல்லியும் செய்கிறவர்கள் குறைவு.

லிதியம் வந்த பிறகு பற்றரிப் பெட்டிக்குள்ளேயே காவல் சர்க்கியூட் இருக்கிறது. அது நிறுத்திவிட்டால் மீற்றர் 0 காட்டும், பற்றரி செத்ததென்று எறிகிறவர்களும் உண்டு. சார்ஜர் பூட்டினால் பல வேளை எழும்பிவிடும். ஆனால் உள்ளே 3.7 வோல்ட் செல் ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பேன். 2 வோல்ட்டுக்குக் கீழே வெகுநாள் கிடந்திருந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளுக்குள் ஷோட் ஆக்கலாம், தீயும் பிடிக்கலாம். இன்னொரு பற்றரியால் தட்டி எழுப்பித் தரச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அந்த வேலை நான் செய்வதில்லை. வேறு கடையில் செய்து தருவார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

யானை வேலி ஐயா போன கிழமையும் வந்தார். பற்றரி 12.6 காட்டுகிறதாம், சந்தோசம். போன் சார்ஜரை மட்டும் வேலிப் பக்கத்து வயரில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். “சின்னக் கரண்ட்தானே தம்பி” என்றார்.