எந்தக் கேள்விக்கு அந்த ‘ம்’

புதுப் பயிர் ஒன்றை நடச் சொல்லிப் போன என்னிடம் அந்த அக்கா ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டார். “இது இங்கன வெளையுமா தம்பி? நீங்க தின்னு பாத்திருக்கீகளா?”

நான் “ம்” என்றேன்.

முதல் கேள்விக்குத்தான் சொன்னேன் என்றால் அது நம்பிக்கை, பொய்யில்லை. இரண்டாவதுக்கு என்றால் அப்பட்டமான பொய். யாக்கோன் என்கிற அந்தத் தென் அமெரிக்கக் கிழங்கை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். மலையிலிருந்து வந்த சாக்கிலும் தின்கிற கிழங்கு ஒன்றுகூட இல்லை. அதை நட்டால் முளைக்காது. தண்டின் அடியில் இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக இருப்பதைத்தான் வெட்டி நட வேண்டும்.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆண்டிஸ் மலைக் கிழங்குகள் சில ஐரோப்பாவில் திணறுவது பகல் நீளத்தால். ஓக்கா என்று ஒன்று, கோடையின் நீண்ட பகலில் கிழங்கே வைக்காது. பகல் சுருங்கிக் கிழங்கு இறங்குவதற்குள் உறைபனி வந்து செடியைக் கருக்கிவிடும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாதே. ஆண்டிஸில் இருக்கும் பெருவின் குஸ்கோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே 13 டிகிரி, மதுரை வடக்கே 10. இரண்டு இடத்திலும் பகல் அவ்வளவாக நீளாது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதும் தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை. வாடிப்பட்டிப் பக்கம்தானே, சிறுமலைக் காற்று அடிக்கும் என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

ஆடிப்பெருக்கு முடிந்து, பம்பு செட்டை ஒட்டிய 5 சென்ட்டில் நட்டோம். கத்தரி போட வைத்திருந்த இடம். புரட்டாசியில் மத்தியானமானால் இலையெல்லாம் துவண்டு தொங்கும். அக்கா தென்னங்கீற்று வெட்டிவந்து நிழல் கட்டினார். நான் சொல்லி அல்ல. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆள் உயரம் வந்து, மஞ்சளாகப் பொடிப் பூவும் பூத்தது. சூரியகாந்திக் குடும்பம் அல்லவா. அந்தப் போட்டோ அலுவலகச் சுவரில் இன்னமும் தொங்குகிறது.

பங்குனியில் தோண்டினோம். அதைப் போட்டோ எடுக்கவில்லை. இரவு குளிர்ந்தால்தான் இதன் வேர் நன்றாகப் பருக்கும். நம் ஊர் இரவு தெரிந்ததுதானே. செடிக்கு நாலைந்து வேர், எல்லாம் விரல் தண்டி. அக்கா ஒன்றைக் கழுவி, தோல் சீவி, பாதியை என்னிடம் நீட்டினார். நறுக்கென்று, வாய் நிறையத் தண்ணீராக, பேரிக்காய்க்கும் வெள்ளரிக்கும் நடுவில் ஏதோ ஒரு ருசி. என் முகத்தில் என்ன தெரிந்ததோ. அக்கா தன் பாதியைக் கடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “மொதத் தடவையா?” என்று கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். “நல்லாத்தான இருக்கு” என்றார், அவ்வளவுதான்.

நிலக்கடலையும் மரவள்ளியும் அதே கண்டத்திலிருந்து வந்தவைதான். இங்கே முதலில் விதைத்தவனிடமும் யாரோ ஒருவன் “ம்” சொல்லித்தானே இருப்பான்? தெரியாது என்றால் யார் நடுவார்கள்? இப்படித்தான் பல நாள் தேற்றிக்கொண்டேன். ஆனால் தெரியாது என்று சொல்லியிருந்தாலும் அந்த அக்கா நட்டிருப்பார். ஒரு சென்ட்டில் நட்டிருப்பார். மிச்சம் நாலு சென்ட்டில் கத்தரி காய்த்திருக்கும். எனக்கென்ன, அந்த எட்டு மாதமும் சம்பளம் வந்தது. சரி, நாற்றுச் செலவு முழுக்க நாங்கள்தானே கொடுத்தோம் என்றும் சொல்லலாம். சொல்லியும் பார்த்தேன், என் மனைவியிடம். “கத்தரிக்காய்க் காசு?” என்றாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. தண்ணித் தொட்டிக்குப் பின்னால், நிழலில், உடைந்த பானையில் ஈர மணல் போட்டு அந்த முடிச்சுகளைப் புதைத்து வைத்திருக்கிறார். சிலது அழுகிவிட்டதாம். இரண்டு மூன்றில் ஊதா நிறத்தில் முளை கிளம்பியிருந்தது.

“ஆடிக்கு மறுக்கா வைப்பமா தம்பி?”

“ம்” தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன்.