மஞ்சக் கடுதாசி கொடுக்காத ஸ்காட்

1826 ஜனவரி 17 காலையில் அச்சக முதலாளி ஜேம்ஸ் பாலன்டைன் இருண்ட முகத்தோடு வந்து நின்றபோதே ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் மஞ்சக் கடுதாசி கொடுத்திருக்க வேண்டும். கணக்குத் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். கடன்காரர்கள் இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ள, 54 வயதில் கை வீசிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். மாட்டேன், என் வலது கையே கடனை அடைக்கும் என்றார்.

நாவல் எழுதி வந்த கடன் இல்லை, உண்டியலால், அதாவது குறித்த நாளில் பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டால் வந்தது. பாலன்டைன் அச்சகத்தில் அவர் ரகசியப் பங்காளி. அச்சகம் பதிப்பாளர் கான்ஸ்டபிள் பேரில் உண்டியல் எழுதும். அவர் ஏற்றுக் கையெழுத்துப் போட்டதும் வங்கி வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். தவணை வந்தால் புதிது எழுதிப் பழையதை அடைப்பார்கள். இதுவரைக்கும் எந்தக் கடைத்தெருவிலும் நடப்பதுதான். கோளாறு எதிர் உண்டியலில். கான்ஸ்டபிளின் பாதுகாப்புக்கு என்று அதே தொகைக்கு அச்சகமும் எழுதிக் கொடுத்திருந்தது. பெட்டியில் தூங்க வேண்டிய அந்தச் சீட்டுகளை, கை இறுகியதும் கான்ஸ்டபிள் வங்கிக்குக் கொண்டுபோனார். வாங்கியது ஒரு கடன், பொறுப்பு இரண்டு. லண்டனில் கான்ஸ்டபிளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஹர்ஸ்ட் ராபின்சன் என்ற பதிப்பகம் சாய்ந்ததும் வரிசையாக எல்லாம் விழுந்தன. ஸ்காட் தலையில் சுமார் 1,20,000 பவுண்டு. நீதிமன்ற எழுத்தராக அவர் வாங்கியது வருஷத்துக்கு 1,300.

மானஸ்தன் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அபட்ஸ்ஃபோர்டு மாளிகையை ஒரு வருஷம் முன்பே, மூத்த மகன் கல்யாணத்தின்போது மகன் பேருக்கு எழுதிவைத்திருந்தார். திவாலாகியிருந்தால் அந்த ஏற்பாட்டை உடைக்க வழக்கு வந்திருக்கும். திவாலுக்குப் பதிலாக, கடன்காரர்கள் சார்பில் பணத்தை நிர்வகித்த பொறுப்பாளர்களிடம் எழுத்து வருமானத்தை ஒப்படைத்ததில் சம்பளமும் வீடும் தப்பின. எடின்பரோவின் காசில் தெரு வீடுதான் போனது. மானமா, சாமர்த்தியமா? இரண்டும் என்றுதான் படுகிறது. அப்படிச் சொல்லும்போதே அநியாயமாகவும் படுகிறது. ஏனென்றால் 1827 டிசம்பரில் அவருடைய கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு, அதாவது 20 ஷில்லிங்குக்கு, 6 ஷில்லிங் கிடைத்தது. கான்ஸ்டபிளின் கடன்காரர்கள் மொத்தமாகவே கண்டது 2 ஷில்லிங் 9 பென்ஸ்.

வலது கை கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. நெப்போலியன் வரலாறு ஒன்பது தொகுதி எழுதினார், உண்மை. ஆனால் பிறகு பெரிய பணம் கொண்டுவந்தது பழைய நாவல்கள். பொறுப்பாளர்களும் பதிப்பாளர் கேடலும் சேர்ந்து 8,500 பவுண்டுக்கு உரிமையை ஏலத்தில் மீட்டார்கள். 1829-இலிருந்து மாதத்துக்கு ஒரு தொகுதியாக மறுபதிப்பு, விலை 5 ஷில்லிங். புது முன்னுரையும் குறிப்பும் எழுத அவர் உயிரோடு இருந்ததால்தான் அது அப்படி விற்றது என்றும் வாதாடலாம். அப்படியானால் 1830-இல் பக்கவாதம் தாக்கிய பிறகும் புது நாவல்களை இழுத்து இழுத்து எழுதினாரே, அது யாருக்காக? கையெழுத்துப் பிரதியைப் பார்த்துப் பாலன்டைனே முகம் சுளித்தார்.

1832 ஜூலையில் மேஜைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பேனாவைக் கையில் வைத்தார்கள், விரல்கள் மடங்கவில்லை. செப்டம்பர் 21 அன்று இறந்தபோது பாக்கி சுமார் 54,000. அதில் 22,000 ஆயுள் காப்பீட்டில் வந்தது.