பலகை மட்டும் போதாது
2021 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது, மலேசியாவின் பந்திங்கில் எங்கள் வீட்டுச் சுவரில் முழங்காலளவுக்குப் பழுப்புக் கோடு ஒன்று நின்றது. வாசலுக்குத் தடுப்புப் பலகை பொருத்தினால் போதும் என்றார் கட்டுமானக் குத்தகையாளர். ஆனால், வாசலைத் தாண்டும் முன்பே குளியலறைத் தூம்பு வழியாகத் தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கியதை நான் கண்ணால் பார்த்தவன். ஆகவே முதற்செலவு, கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வுக்கே. பிறகு பிளக்குகளை இடுப்புயரத்துக்கு ஏற்றினோம்.

எல்லா வழியையும் அடைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வெளியே ஒரு மீட்டர் உயரம் தேங்கும் நீர், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் தரும். சாதாரணச் செங்கற்சுவர் அதற்காகக் கட்டப்பட்டதன்று. அமெரிக்க வெள்ளக் காப்புறுதி விதிகள், ஆபத்துப் பகுதிகளில் புதிய வீடுகளை அடைத்துக் காப்பதைப் பொதுவாக ஏற்காமல், தளத்தையே வெள்ளமட்டத்துக்கு உயர்த்தச் சொல்கின்றன. பாட்டி பிறந்த தோட்டத்து லயமும் (தொழிலாளர் வரிசை வீடு) தூண்களின் மேல்தான் நின்றதாம்.