கதவு பொது, கடன் தனி

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் ஐந்து அறை, ஐந்து பூட்டு, ஒரே முன்கதவு என்று இருக்கும் வீடுகள் ஏராளம். ஒருவருடைய கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கிக்காகவோ பார்க்கிங் அபராதத்துக்காகவோ பெய்லிஃப் வந்து தட்டினால், கதவைத் திறப்பவர் பெரும்பாலும் அந்தக் கடனுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவர். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், பார்சல் வந்திருக்கிறது என்று நினைத்துத் திறப்பார். மற்ற எல்லாச் சிக்கலும் அந்த நொடியிலிருந்துதான் தொடங்கும். அதனால் இந்தப் பதிவு கடன் உள்ளவருக்கு மட்டுமல்ல, அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கும்.

தமிழ்நாட்டில் கோர்ட் அமீனா, இலங்கையில் பிஸ்கல் என்று நாம் அறிந்தவரின் வேலைதான் இங்கே பெய்லிஃபுக்கும்: கடனுக்கு ஈடாகப் பொருளை ஜப்தி செய்வது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஏப்ரல் 6 முதல் சட்டத்தில் அவர் பெயர் 'என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட்'. வரும் கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும். கீழே சொல்வது இந்த இரண்டு நாடுகளுக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

வந்திருப்பவர் யார்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எதுவும் பேச வேண்டாம். கிரெடிட் கார்டு, மொபைல் பில் பாக்கிக்கு வருகிற 'டெப்ட் கலெக்டர்' பெய்லிஃப் அல்ல. அவருக்கு உள்ளே வரவும் உரிமை இல்லை, பொருளைத் தொடவும் உரிமை இல்லை. போகச் சொன்னால் போக வேண்டும். தனியார் கார் பார்க் நிறுவனம் அனுப்பும் 'பார்க்கிங் சார்ஜ்' கடிதமும் இந்த வகைதான். அவர்கள் நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கும்வரை பெய்லிஃபை அனுப்ப முடியாது.

உண்மையான பெய்லிஃப் என்றால் அடையாள அட்டையையும், எந்த அதிகாரத்தின் பேரில் வந்தார் என்ற ஆவணத்தையும் கேட்டால் காட்ட வேண்டும். கதவைத் திறக்காமலே, ஜன்னல் வழியாகவோ லெட்டர் பாக்ஸ் வழியாகவோ காட்டச் சொல்லலாம். கவுன்சிலுக்காக வரும் தனியார் நிறுவன ஏஜென்ட்டுகளின் பெயர் நீதி அமைச்சகத்தின் இணையப் பதிவேட்டில் இருக்கும். பெயரைப் போட்டுத் தேடினால் வரும். கவுன்டி கோர்ட்டின் சொந்த பெய்லிஃப் நீதிமன்ற ஊழியர் என்பதால் அந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார். அவரைப் பற்றி அந்த நீதிமன்றத்துக்கே போன் செய்து கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இந்தப் பயத்தில்தான் கதவைத் திறந்துவிடுகிறார்கள். பெய்லிஃப் இமிக்ரேஷன் அதிகாரி அல்ல. விசாவைப் பார்க்கவோ பாஸ்போர்ட்டை வாங்கவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

கதவு

கவுன்சில் டாக்ஸ், கவுன்சில் பார்க்கிங் அபராதம், நீதிமன்றத் தீர்ப்புக் கடன் ஆகிய மூன்றுக்கும் வீட்டுக்கு முதல்முறை வரும் பெய்லிஃப் பூட்டை உடைத்து நுழைய முடியாது. தள்ளிக்கொண்டு வருவது, கதவிடுக்கில் காலை வைப்பது, ஜன்னல் வழியே ஏறுவது எதற்கும் அனுமதி இல்லை. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வீட்டுக்கு வரக்கூடாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தால் நுழையக்கூடாது.

ஆனால் பூட்டாத கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே வரலாம். யாராவது ஒருவர் 'உள்ளே வாங்க' என்றாலும் வரலாம். பகிர்ந்து வாழும் வீடு கோட்டை விடுவது இங்கேதான். முன்கதவை மட்டும் தாழிட்டுவிட்டு பின்கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். குப்பை போடப் போனவர் முன்கதவைச் சாத்தாமல் போயிருப்பார். நோட்டீஸ் வந்துவிட்டது என்றால் கடன் உள்ளவர் செய்ய வேண்டிய முதல் வேலை, வெட்கத்தை விட்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வரி போடுவது: 'என் பெயரில் பெய்லிஃப் வரலாம். யாரும் கதவு திறக்க வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.' கடன் எவ்வளவு, எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் மறைத்தால் அடுத்த அறைக்காரர் நல்ல மனதோடு கதவைத் திறந்து, தேநீரும் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது பெரியது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போட்ட குற்ற அபராதத்துக்கு வரும் பெய்லிஃப், தேவைப்பட்டால் பூட்டைத் திறந்து நுழையலாம். டிவி லைசென்ஸ் இல்லாததற்கும் ரயில் டிக்கெட் இல்லாததற்கும் வழக்கு நடந்து நீதிமன்றம் போடும் அபராதம் இந்த வகையில் வரும். ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தத்தில் அறை எடுத்திருந்தால், தன் அறையில் டிவி பார்ப்பவர் தனக்கென லைசென்ஸ் எடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வழக்கமாக ஒரு லைசென்ஸ் போதும். வழக்கு நடந்ததே தெரியாமல், பழைய முகவரிக்குக் கடிதம் போய் அபராதம் விழுந்திருந்தால், தெரிய வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் கொடுக்கலாம். 'ஸ்டாச்சுட்டரி டிக்லரேஷன்' என்று கேளுங்கள். ஏற்கப்பட்டால் அந்தத் தீர்ப்பு விலகி வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.

உள்ளே வந்துவிட்டால்

அவர் நீட்டும் தாள் 'கன்ட்ரோல்டு குட்ஸ் அக்ரிமென்ட்'. வீட்டில் உள்ள பொருட்களைப் பட்டியலிட்டு, 'இவை இப்போது ஜப்தியில் உள்ளன, தவணை கட்டும்வரை நான் பயன்படுத்திக்கொள்கிறேன்' என்று கடன் உள்ளவர் ஒப்புக்கொள்வது. உதவிபோலத் தோன்றும். ஆனால் இதில் கையெழுத்திட்டு ஒரு தவணை தவறினால், முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு அடுத்த முறை பூட்டை உடைத்தே வரலாம். முதல் வருகையில் இல்லாத அதிகாரத்தை அந்தக் கையெழுத்து கொடுத்துவிடுகிறது. கடன் உள்ளவர் அனுமதி கொடுக்காமல் வீட்டில் குடியிருக்கும் இன்னொருவர் இதில் கையெழுத்திட முடியாது. 'நீங்கள் போடுங்கள், பரவாயில்லை' என்றாலும் போடாதீர்கள்.

கடன் உள்ளவருடைய பொருளை மட்டும்தான் எடுக்கலாம். அவருக்குப் பங்கு உள்ள கூட்டுப் பொருளையும் எடுக்கலாம். ஹவுஸ்மேட்டின் லேப்டாப், வீட்டு ஓனரின் சோஃபா, தவணையில் எடுத்து இன்னும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் கார் இவற்றில் கை வைக்கக்கூடாது. ஆனால் ஹாலில் கிடக்கும் 50 அங்குல டிவி யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ரசீது பேச வேண்டும். அமேசான் ஆர்டர் மெயில், கார்டு ஸ்டேட்மென்ட், சீரியல் நம்பர் தெரியும் புகைப்படம் இவற்றை ஒவ்வொருவரும் போனில் ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள். அறையோடு வந்த சாமான்களுக்கு ஓனர் கொடுத்த இன்வென்டரி பட்டியலே போதுமான சான்று. விலை உயர்ந்ததை ஹாலில் விடாமல் அவரவர் அறையில் வைத்துப் பூட்டுவது நல்லது.

மீறி உங்கள் பொருளை எடுத்துப் போய்விட்டால், எடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் அந்த ஏஜென்ட்டுக்கு எழுத்தில் உரிமைகோரல் அனுப்ப வேண்டும். முழுப் பெயர், முகவரி, பொருட்களின் பட்டியல், ஒவ்வொன்றும் எப்படி உங்களுடையது என்ற காரணம், ரசீது நகல். போனில் சண்டை போட்டுக்கொண்டே அந்த வாரத்தைக் கழித்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அவர்கள் மறுத்தால் விஷயம் நீதிமன்றம் போகும்.

கடன் உள்ளவருடையதிலும் எடுக்கக்கூடாதவை உண்டு: கட்டில், படுக்கை, அடுப்பு அல்லது மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மருத்துவக் கருவிகள். வேலைக்கும் படிப்புக்கும் தேவையான கருவி, கணினி, வாகனம் எல்லாம் சேர்த்து மொத்தம் 1,350 பவுண்ட் மதிப்புவரை விலக்கு. டெலிவரி வேலைக்கு ஓட்டும் பழைய ஸ்கூட்டர் இந்த வரம்புக்குள் வரலாம். 4,000 பவுண்ட் கார் வராது. தெருவில் நிற்கும் காருக்குத்தான் முதலில் பூட்டு விழும். உள்ளே வராமலே அதைச் செய்யலாம். பூட்டிய பின் குறைந்தது 2 மணி நேரம் அங்கேயே விட்டுவைக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் ஃபைனான்ஸ் ஆவணத்தையோ வேலைச் சான்றையோ மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கடிதம் வந்த அன்றே

பெய்லிஃப் திடீரென்று வருவதில்லை. வீட்டுக்கு வருமுன் 'நோட்டீஸ் ஆஃப் என்ஃபோர்ஸ்மென்ட்' அனுப்பி, ஞாயிறும் பொது விடுமுறையும் சேர்க்காமல் 7 முழு நாட்கள் காத்திருக்க வேண்டும். திடீரென்று வந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம், படிக்கட்டில் குவிந்து கிடக்கும் கடிதக் குவியல். ஐந்து பேர் வீட்டில் யாருடைய கடிதத்தையும் யாரும் எடுத்து வைப்பதில்லை. பத்து பவுண்டுக்கு ஒரு அட்டைப் பெட்டி அலமாரி வாங்கி, அறைக்கு ஒரு தட்டு என்று வைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

காசும் அந்த 7 நாளில்தான் இருக்கிறது. 2014இல் வைத்த கட்டண முறைப்படி, கவுன்சில் கடனுக்கு, வழக்கு ஏஜென்ட்டின் கைக்கு வந்தவுடன் 75 பவுண்ட், வீட்டு வாசலுக்கு வந்தால் 235, பொருளை விற்பனைக்குக் கொண்டுபோனால் 110. கடன் 1,500ஐத் தாண்டினால் தாண்டிய தொகையில் பின்னிரண்டு கட்டங்களிலும் 7.5 சதவீதம் கூடுதல். இந்தத் தொகைகள் இப்போது மாறியிருக்கலாம், கட்டங்கள் இவைதான். அந்தத் தொகைகளின்படி, 1,100 பவுண்ட் கவுன்சில் டாக்ஸ் பாக்கி கடிதத்தில் 1,175 ஆகும்; ஒருமுறை வாசலில் வந்து தட்டினால் 1,410. யாரும் கதவைத் திறக்காவிட்டாலும் அந்த வாசல் கட்டணம் ஏறிவிடும். ஆகவே கதவைப் பூட்டிக்கொண்டு கடிதத்தைக் கவனிக்காமல் விடுவது வழியல்ல. கடிதம் வந்த அன்றே வரவு செலவுக் கணக்கைத் தாளில் எழுதி, கட்டக்கூடிய தவணையை மின்னஞ்சலில் சொல்லுங்கள். முடியாத தொகைக்குத் தலையாட்டினால் இரண்டாம் மாதமே அது முறிந்து, ஏஜென்ட் வாசலுக்கு வருவார்.

ஆங்கிலம் சரியாகப் படிக்கவோ பேசவோ முடியாதவர் என்றால் அதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். அரசு வெளியிட்டுள்ள தேசிய நெறிமுறையில், ஆங்கிலம் புரிந்துகொள்வதில் வெளிப்படையான சிரமம் உள்ளவர்கள் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆலோசனை பெறப் போதிய வாய்ப்புக் கொடுக்காமல் வாசல் கட்டணம் வசூலிக்க முடியாது. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருக்கும் அம்மா அப்பாவுக்கு இது மிகவும் பயன்படும்.

கவுன்சில் டாக்ஸ் உண்மையில் யார் கட்ட வேண்டும்?

கட்டத் தொடங்குமுன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தன் அறைக்கு மட்டும் தனி ஒப்பந்தம் போட்டிருந்தால், பொதுவாகக் கவுன்சில் டாக்ஸுக்குப் பொறுப்பு வீட்டு ஓனர்தான். பில் ஒரு குடியிருப்பாளர் பெயரில் வந்தால், ஒப்பந்த நகலோடு கவுன்சிலுக்கு எழுதிப் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் பொதுவாக எல்லோரும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு. நான்கு பேர் கட்டாமல் ஓடிப்போனால் ஐந்தாமவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். 'என் பங்கு கட்டிவிட்டேன்' என்பது கவுன்சிலிடம் எடுபடாது.

முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இந்த வரி கிடையாது. ஆனால் படிப்பு முடிந்த தேதியிலிருந்து நீங்கள் மாணவர் அல்ல. கிராஜுவேட் விசாவுக்கு மாறி அதே அறையில் தொடர்ந்து இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து, சம்மன் செலவோடு மொத்த பாக்கியும் வந்து நிற்கும். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். அதன்படி 7 நாளில் கட்டாவிட்டால், இன்னொரு 7 நாளில் அந்த வருடத்து முழுத் தொகையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டியதாகிவிடும். அந்த முதல் நினைவூட்டலில் போன் செய்தால் பெய்லிஃப் வரை போகவே போகாது.

முன்பு இருந்தவரின் கடன்

அறை எடுத்த இரண்டாம் வாரமே முன்பு இருந்தவரின் பெயரில் நோட்டீஸ் வரும். கடன் பெயரோடு போகும், முகவரியோடு அல்ல. ஒரே முகவரியில் இருந்ததால் உங்கள் கிரெடிட் ஸ்கோர் கெடாது. சேர்ந்து வங்கிக் கணக்கோ கடனோ எடுத்திருந்தால் மட்டுமே தொடர்பு வரும். கடிதத்தைப் பிரிக்காமல் உறையின் மேல் 'இந்த முகவரியில் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதித் திரும்பப் போஸ்ட் பண்ணுங்கள். ஆள் நேரில் வந்தால் கதவைத் திறக்காமல் உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை ஜன்னலில் காட்டுங்கள். பிறகு அதே நகலை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், 'நான் அந்த நபர் அல்ல, இந்தத் தேதியிலிருந்து இங்கே இருக்கிறேன்' என்ற சத்தியப் பிரமாணத்தை ஒரு சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) எழுதி உறுதி செய்யலாம். கட்டணம் 5 பவுண்ட், இணைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் 2 பவுண்ட்.

நீங்களே வீடு மாறினால் இதன் மறுபக்கம் உங்களுக்கு நடக்கும். கார் வைத்திருப்பவர் லாக்புக்கில் (கார் பதிவு ஆவணத்தில்) முகவரியை உடனே மாற்ற வேண்டும். மாற்றாததால் கவுன்சில் பார்க்கிங் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், தொகை ஏறி பெய்லிஃப் வரை வந்திருந்தால், டிஇ7, டிஇ9 (TE7, TE9) என்ற இரண்டு படிவங்களை நார்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டருக்கு அனுப்புங்கள். ஒன்று ஏன் தாமதம் என்பதற்கு, மற்றது கடிதம் கிடைக்கவில்லை என்ற சாட்சிக் கூற்றுக்கு. கட்டணம் இல்லை. முடிவு வரும்வரை பெய்லிஃப் நிறுத்தப்படுவார். 'ஏன் தாமதம்' என்ற கட்டத்தில் ஒரே வரி எழுதினால் நிராகரித்துவிடுவார்கள். வீடு மாறிய தேதி, புதிய ஒப்பந்தம், எந்த நாளில் எப்படித் தெரிய வந்தது எல்லாம் வேண்டும்.

பல கடன்கள் ஒன்றாகக் கழுத்தை நெரித்தால், 2021 மே 4 முதல் நடைமுறையில் உள்ள 'பிரீதிங் ஸ்பேஸ்' 60 நாள் மூச்சுவிட இடம் தரும். அந்த நாட்களில் பெய்லிஃப் வருகையும் பெரும்பாலான வட்டியும் நிற்கும். நீங்களே விண்ணப்பிக்க முடியாது. கடன் ஆலோசகர் வழியாகத்தான். ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ், நேஷனல் டெப்ட்லைன் மூன்றும் இலவசம். நேஷனல் டெப்ட்லைன் எண் 0808 808 4000. நீதிமன்ற அபராதத்துக்கு இது பொருந்தாது. அந்த 60 நாளில் வாடகையும் நடப்பு பில்களும் தொடர்ந்து கட்டியாக வேண்டும். இடையில் ஆலோசகர் சரிபார்ப்பார், கட்டாவிட்டால் ரத்து செய்யலாம். போன் செய்யுமுன் எல்லாக் கடிதங்களையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் ரெஃபரன்ஸ் எண்ணையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் விடுபட்ட கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.