'பை' வரும் இடமும் வராத இடமும்: போட்டித் தேர்வு ஆங்கிலம்

மத்திய அரசு வேலைக்காகப் பட்டதாரிகள் எழுதும் எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். ஒரு விடை தப்பினால் அரை மதிப்பெண் போய்விடும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இதற்குப் படிக்கிறவர்களில் பலர் வாயில் நுழையாத சொற்களை உருப்போட்டுவிட்டு, 'பை' (by) என்ற பொடிச் சொல்லில் கோட்டை விடுகிறார்கள்.

அதிகம் தப்புவது நேரம் சொல்லும் வாக்கியங்களில்தான். ஏழு மணி வரை ரப்பர் பால் வெட்டினார் என்றால் வேலை அதுவரை நீள்கிறது, அங்கே 'அன்டில்'. ஏழு மணிக்குள் வெட்டி முடித்தார் என்றால் கெடு, அங்கே 'பை'. ஆகவே நேரத்தைப் பார்க்காதீர்கள், வினைச்சொல்லைப் பாருங்கள். 'வெயிட்', 'ஸ்டே' போன்றவை நீளும். 'ஃபினிஷ்', 'சப்மிட்' போன்றவை ஓரிடத்தில் முடியும். எதிர்மறையில் மட்டும் கணக்கு மாறும்: 'ஹி டிட் நாட் கம் அன்டில் ஃபைவ்' சரியான வாக்கியம். ஐந்து மணிக்குத்தான் வந்தார் என்று பொருள்.

நம் 'க்குள்' இன்னொரு குழியும் வெட்டும். 'திங்கட்கிழமைக்குள்' என்பது 'பை மண்டே'. 'ஐந்து நிமிடத்துக்குள்' என்பதற்கு 'பை ஃபைவ் மினிட்ஸ்' என்று எழுதினால் தவறு. கால அளவு வந்தால் 'விதின்' போட வேண்டும்.

'பை' வந்தாலே வினையின் காலத்தையும் சரிபாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டம் இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 'பை தி எண்ட் ஆஃப் 1956' என்று தொடங்கினால் 'ஹேட் ஜாயின்ட்' வரும். எதிர்காலக் கெடுவென்றால் 'வில் ஹேவ் ஃபினிஷ்ட்'. அதே எதிர்காலக் கெடுவில் 'பை தி டைம்' என்பதை அடுத்து 'ஹி கம்ஸ்' என்றுதான் வரும். அங்கே 'வில்' இருந்தால் பிழை அதுவே.

பயணத்தில் 'பை பஸ்' போதும். வடசேரியில் ஏறிய குறிப்பிட்ட பஸ் என்றால் 'ஆன் தி பஸ்'. சொந்தக் கார் என்றால் 'இன் மை கார்'. 'பை மை கார்' கேள்வித்தாள்காரருக்குப் பிடித்த பொறி.

செயப்பாட்டு வினையில் செய்தவருக்கு 'பை', கருவிக்கு 'வித்'. தேங்காய் அவரால் வெட்டப்பட்டது, வெட்டுகத்தியால் வெட்டப்பட்டது: தமிழில் இரண்டுக்கும் 'ஆல்' என்பதால்தான் இந்தக் குழப்பம். ஆனால் 'நோன்' (known) என்பதற்குப் பின் 'பை' அல்ல, பெரும்பாலும் 'டு' வரும்.

விலைக் கணக்கில் நிதானம் வேண்டும். ரப்பர் கிலோ 180 ரூபாயிலிருந்து 200 ஆனது என்று வைத்துக்கொள்வோம். 'ரோஸ் பை 20', 'ரோஸ் டு 200' இரண்டும் ஒரே செய்திதான். 'ரோஸ் பை 200' என்றால் விலை 380 ஆகிவிடும். பிழை கண்டறியும் கேள்வியில் மட்டுமல்ல, பத்தி வாசித்து விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியிலும் இது காலை வாரும்.