குக்கீயை அழித்தும் விடாத விளம்பரம்

விளம்பரத்திலிருந்து விலக வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் குக்கீகளை, அதாவது தளங்கள் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு கோப்புகளை, அழிப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம். நான் அலைந்து தெரிந்துகொண்டது இது.

அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். வாங்கி முடித்த பிறகும் அந்தக் கடை விடவில்லை. செய்தி படித்தாலும் வானிலை பார்த்தாலும் ஓரத்தில் அதே கருவி. வீட்டில் எல்லோரும் உட்காரும் கணினி அது. காது மந்தமாகிறது என்று வெளியே சொல்லவே கூச்சப்படுகிறவர் அப்பா. வந்துபோகிறவர்கள் கண்ணில் அது பட்டுக்கொண்டே இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

விளம்பர நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் விலகல் பக்கம் ஒன்றுக்குப் போனேன். ‘எல்லாவற்றிலிருந்தும் விலகு’ என்று அழுத்தினால், பட்டியலில் பாதிக்கு மேல் ‘தோல்வி’ என்று வந்தது. காரணம் என்ன தெரியுமா? நீங்கள் விலகிவிட்டீர்கள் என்பதையே அவர்கள் ஒரு மூன்றாம் தரப்புக் குக்கீயில்தான் (நீங்கள் பார்க்கும் தளம் அல்லாமல் வேறொருவர் வைப்பது) எழுதி வைக்கிறார்கள். உலாவி அந்தக் குக்கீகளைத் தடுத்தால் விலகலும் பதிவாகாது. தடுப்பை எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்தியதும் பதிவானது.

ஆனாலும் விளம்பரம் நிற்கவில்லை. கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். “உங்கள் உலாவியில் குக்கீகளை அழித்துவிடுங்கள்” என்று ஒரே வரியில் பதில். அழித்தேன். அதோடு விலகல் குக்கீகளும் போயின. செய்த வேலையெல்லாம் வீண்.

உண்மையான காரணம் ஒரு சமூக வலைத்தளத்தில்தான் கிடைத்தது. விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘இந்த விளம்பரம் எனக்கு ஏன் வருகிறது’ என்பதைத் திறந்து பாருங்கள். கடை ஏற்றிய வாடிக்கையாளர் பட்டியலில் என் மின்னஞ்சல் இருக்கிறது என்று அங்கே தெளிவாகப் போட்டிருந்தது. பில்லுக்காகக் கொடுத்த முகவரி! அதைச் சங்கேதக் குறியாக மாற்றி ஏற்றுவார்கள். வலைத்தளம் தன் பயனர்களின் முகவரிகளோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளும். இதில் குக்கீக்கு வேலையே இல்லை.

நான் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில். 2018 மே 25 முதல் இங்கே ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இந்த முறை சேவைப் பிரிவை விட்டுவிட்டு, தனியுரிமைக் கொள்கையின் அடியில் இருந்த தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் முகவரிக்கு எழுதினேன்: “21(2) பிரிவின்படி, நேரடி விளம்பரத்துக்கு என் தரவைப் பயன்படுத்துவதை ஆட்சேபிக்கிறேன். நீங்கள் ஏற்றிய பட்டியல்களிலிருந்தும் என் முகவரியை நீக்குங்கள்.” காரணம் சொல்லத் தேவையில்லை. நேரடி விளம்பரத்தைப் பொறுத்தவரை இந்த ஆட்சேபத்தை அவர்கள் மறுக்க வழியே இல்லை.

வந்த பதில் எரிச்சலைக் கிளப்பியது: பாஸ்போர்ட் நகல் அனுப்ப வேண்டுமாம். தரவை நீக்குங்கள் என்று கேட்டால் இன்னும் பெரிய தரவைக் கேட்கிறார்கள். அனுப்பாதீர்கள். ஆளைப் பற்றி நியாயமான சந்தேகம் இருந்தால்தான் கூடுதல் விவரம் கேட்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 12(6) பிரிவு. பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்துதான் எழுதுகிறேன், இதில் என்ன சந்தேகம் என்று கேட்டேன். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்ற 12(3)-ஐயும், தவறினால் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்வேன் என்பதையும் சேர்த்தேன். பாஸ்போர்ட் பேச்சு அதோடு நின்றது. பட்டியல்களிலிருந்து நீக்கிவிட்டோம் என்று எழுத்திலேயே தந்தார்கள். காது கருவி திரையிலிருந்து போனது. அன்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

குக்கீ பேனரிலும் ஒரு எச்சரிக்கை. ‘மறு’ என்று அழுத்தியதோடு விடாமல், ‘நியாயமான நலன்’ (சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்த நிறுவனங்கள் காட்டும் காரணம்) என்ற தாவல் இருந்தால் திறந்து பாருங்கள். பல இடங்களில் அங்கே எல்லாம் ‘ஆன்’ ஆகவே இருக்கும். முன்கூட்டியே டிக் செய்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-லேயே தீர்ப்பளித்துவிட்டது. குக்கீகளை ஏற்பது சுலபமாகவும் மறுப்பது கடினமாகவும் இருந்ததற்காக, 2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. ஆகவே ‘மறு’ பொத்தானை ஒளித்து வைக்கும் தளத்தின் மீது தயங்காமல் புகார் கொடுக்கலாம்.

பில் விவரங்களை மட்டும் வரிக் கணக்குக்காக வைத்திருப்போம் என்று கடை சொன்னது. சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை அழிக்கச் சொல்ல முடியாது, 17(3) அதற்கு இடம் தருகிறது. அந்த ஒன்றுக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.