லைட்டா, டென்ஸா?

11 வருஷமாக நான் விற்கிற சரக்கு ஒன்றுதான், சோடா ஆஷ். பாரிமுனையில் ஆபீஸ், மாதவரத்தில் குடோன். பள்ளிக்கூடத்தில் சலவை சோடா என்று படித்தோமே, அதிலிருக்கும் தண்ணீர் போய்விட்டால் மிஞ்சுகிற வெள்ளைப் பொடி. அந்தக் காலத்தில் துணி வெளுக்க அள்ளிவந்த உவர்மண்ணில் இருந்ததும் இதே உப்புதான். இன்று அதிகம் வாங்குவது கண்ணாடித் தொழிற்சாலைகள். மணல் தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும், இதைச் சேர்த்தால் அவ்வளவு சூடு தேவையில்லை. அடுத்தது சலவைப் பவுடர்.

இதைத் தயாரிக்க இரண்டு வழி. உப்பு, சுண்ணாம்புக்கல், அம்மோனியா வைத்து சால்வே முறையில் செய்வது ஒன்று, குஜராத் கடற்கரையில் உள்ள பெரிய ஆலைகள் எல்லாம் அப்படித்தான். (தூத்துக்குடியிலும் ஓர் ஆலை இருக்கிறது, 2016-இல் பாய்லர் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து சோடா ஆஷ் செய்ய ஆரம்பித்தார்கள், அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு பெருமை.) இன்னொன்று, பூமிக்கடியில் டிரோனா என்ற தாதுவாகக் கிடைப்பதை எடுப்பது. அமெரிக்காவில் வயோமிங்கின் கிரீன் ரிவர் பகுதியில்தான் உலகிலேயே பெரிய படிவம். துருக்கியில் அங்காரா பக்கம் பெய்பசாரி, கசான். அங்கே ஆளை இறக்கிச் சுரங்கம் வெட்டுவதில்லை; கிணறு போட்டு வெந்நீரை உள்ளே விட்டு, தாது கரைந்து வருகிற நீரை மேலே எடுத்து வற்றவைக்கிறார்கள். அடக்கவிலை குறைவு, அதனால்தான் அவ்வளவு தூரம் தாண்டி வந்தும் நம் ஊர் சரக்கோடு போட்டி போட முடிகிறது.

ஆனால் இப்படி விலை குறைந்த சரக்கைக் கப்பல் வாடகைதான் ஆட்டிப்படைக்கும். 2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் பெரிய கப்பல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக சூயஸை விட்டு விலகின. சோடா ஆஷில் லைட், டென்ஸ் என்று இரண்டு ரகம்; பல்கேரியாவிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய லைட் சரக்கு ஜிப்ரால்டர் வழியாக மேற்கே போய், ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தது. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலை மேப்பைத் திறப்பது. சென்னைக்கு வரவேண்டிய கப்பல் செனகலுக்கு அந்தப் பக்கம் தெற்கே போய்க்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் வாடிக்கையாளர்களுக்குத் தேதி சொன்னவன் நான்.

செங்குன்றம் பக்கம் ஓர் அக்கா வீட்டுப் பின்கட்டில் சலவைப் பவுடர் செய்கிறார். ஒரு மிக்சர், வேலைக்கு மூன்று பெண்கள், மாதம் 3 டன் எடுப்பார். ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் கிடையாது, ஜம்போ பையைப் பிரித்து 50 கிலோ மூட்டையாக்கி நாங்களே அனுப்புவோம். குடோனில் அப்போது லைட் தீர்ந்துவிட்டது, டென்ஸ் இருந்தது. "ரெண்டும் ஒரே கெமிக்கல்தான் அக்கா, ரிப்போர்ட்டைப் பாருங்க, சுத்தம் 99.2 சதவீதம் இருக்கு" என்று சொல்லி ஒரு டன் அனுப்பிவிட்டேன். சொன்னது பொய் இல்லை, ஃபார்முலா ஒன்றுதான். ஆனால் லைட் என்பது மாவு மாதிரி, ஊற்றுகிற ஆசிட் ஸ்லரியை (அழுக்கை எடுக்கிற கெட்டியான பழுப்புத் திரவம்) குடித்துவிடும். டென்ஸ் சர்க்கரை போல மணிமணியாக இருக்கும், ஸ்லரி உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க." குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. போனதும் மிக்சரிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அழுத்தினார். கையைத் திறந்தால் பழுப்பு நிறத்தில், பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு அப்படியே நின்றது. பொலபொலவென்று உதிர வேண்டிய பவுடர். அந்தப் பெண்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் பாக்கெட் போடும் மேஜைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

மீதி மூட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கலந்துபோன சரக்கின் நஷ்டத்தில் பாதியைத்தான் கம்பெனி ஏற்றது, மீதியை என் இன்சென்டிவில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். கப்பல் வந்த பிறகு லைட் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அதில் தலைதட்டி அள்ளிக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், டென்ஸ் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனக்கும். எங்கள் ஆபீஸில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தந்ததில்லை.

அப்புறம் 2024 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு சோடா ஆஷுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது, டன்னுக்கு 20,108 ரூபாய். அதற்குக் கீழே வாங்கி உள்ளே கொண்டுவர முடியாமல் போனது. உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்ற வேண்டும், அங்கேயும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன, அது எனக்குப் புரிகிறது. ஆனால் மாதம் 3 டன் வாங்குகிறவருக்காக டெல்லியில் பேச ஆள் இல்லை என்பதும் உண்மை. 10 ரூபாய் பாக்கெட்டை அவர் 11 ரூபாய்க்கு விற்க முடியாது, கடைக்காரர் பெரிய பிராண்டுக்கு மாறிவிடுவார். எடை குறைக்கவும் அவருக்கு மனசு வராது.

புது விலையைப் போனில் சொல்லத் தயங்கி நேரிலேயே போனேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்த மாசம் ரெண்டு டன் போதும் தம்பி" என்றார். பிறகு உள்ளே போய் டம்ளரை எடுத்துவந்தார்.